‘அரசியல் வேண்டாம், பறவை மட்டும்’



போன மடலில் குளிர்கால நிகழ்ச்சிகளுக்கு யோசனை கேட்டிருந்தீர்கள். "ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து பறவை பார்க்கப் போகலாம்" என்று நான் எழுதியதுக்கு ரெண்டு விதமான பதில் வந்தது. ஒருத்தர், "சூப்பர், அரசியல்லருந்து ஒரு நாளாவது லீவு" என்றார். இன்னொருத்தர், "ஊரு பத்தி எரியுது, இவருக்குக் குருவி கேக்குதாம்" என்றார். இந்தக் கட்டுரை ரெண்டு பேருக்கும்தான். ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம் இருக்கிறது. முதல் ஆள் மேல கொஞ்சம் கூடுதல்.

நான் யாங்கோனில் 1999இல் பிறந்தவன். வீடு தாம்வேயில். இப்போது சியாங் மாயில் முதுகலை படிக்கிறேன். 2023 ஜனவரியில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு பறவை ஆர்வலர் குழுவின் அழைப்பு கைக்கு வந்தது. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதோடு இன்றைக்கு அங்கே பெயர் சொல்வது யாருக்கும் நல்லதில்லை. முதல் ஞாயிறு லோகா பூங்காவுக்கு ஒரு நாள் பயணம். அடுத்த வாரம் மோயுன்ஜி நீர்நிலைக்கு ஓர் இரவு தங்கும் பயணம். கூடவே விதிமுறைகள்: மங்கலான நிறத்தில் உடுத்தவும், பிளாஸ்டிக் வேண்டாம், அரசியல் பேச வேண்டாம்.

மூன்றாவது விதி பயத்தில் எழுதினது என்றால் எனக்குப் புரியும். முகநூலில் ஒரு வரி எழுதியதுக்காக ஆள் உள்ளே போகிற காலம். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருங்கிணைப்பாளர் பஸ் கிளம்பினதும் மைக்கைப் பிடித்துக் கொடுத்த விளக்கம் வேறு: "இயற்கைக்கு அரசியல் கிடையாது. பறவைக்கு எல்லை கிடையாது. இன்னிக்கு நாமும் அப்படி இருப்போம்." எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

என் அத்தையும் வந்திருந்தார். அப்பாவின் அக்கா. அறுபது தாண்டியவர், தாம்வேயில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறவர். "நானும் வரேண்டா, எத்தன வருசமாச்சு வயக்காட்டுப் பக்கம் போயி" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன்.

லோகா யாங்கோனுக்கு வடக்கே, மிங்கலாடோன் பக்கம். 1982இல் பூங்காவாக அறிவித்தார்கள், கிட்டத்தட்ட 1,500 ஏக்கர். குரங்குகளுக்குப் பேர் போன இடம். பையைத் திறந்தால் போச்சு. காலையில் குண்டுக்கரிச்சான் பாடிக்கொண்டிருந்தது, துடுப்புவால் கரிச்சான் ஒன்று கிளைக்குக் கிளை தாவியது. எல்லாரும் தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருக்கும்போது அத்தை, "செம்போத்து கத்துது, அந்தா அந்தப் புதருக்குள்ள" என்றார். வழிகாட்டிப் பையன் பதிவு நோட்டோடு வந்து ஆங்கிலப் பெயர் கேட்டான். அத்தைக்கு ஆங்கிலப் பெயர் தெரியாது. அவன் காத்திருந்து பார்த்துவிட்டு, பறவை வெளியே வந்த பிறகு தானே கண்டுபிடித்ததாக எழுதிக்கொண்டான். சின்ன விஷயம். ஆனால் இந்தக் கட்டுரை அங்கேதான் தொடங்கியது.

"மனிதக் கை படாத காடு" என்று அன்றைக்கு மூன்று தடவை காதில் விழுந்தது. அந்தக் காட்டின் நடுவில் இருக்கிற ஏரி 1904இல் ரங்கூனுக்குக் குடிதண்ணீர் கொடுக்கக் கட்டின நீர்த்தேக்கம். நகரத்துக்குத் தண்ணீர் கெடாமல் இருக்கணும் என்று சுற்றியிருந்த காட்டைக் காத்தார்கள். லோகா காடு பிழைத்தது ரங்கூன் குழாயால். துறைமுகம், அரிசி ஆலை, அதுக்கெல்லாம் ஆள், அந்த ஆளுக்கெல்லாம் தண்ணீர் என்று ஒரு நகரம் வீங்கியதால் உண்டான காடு அது. பூங்காவுக்குப் பக்கத்திலேயே தவுக்ஜான் போர்க் கல்லறை இருக்கிறது. அங்கே தூண்களில் கல்லறை இன்னதென்று தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள், பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காரர்கள். திரும்பும்போது அங்கே கழிப்பறைக்காக நிறுத்தினார்கள். பதினைந்து நிமிஷம். அந்தத் தூண்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விதிமுறைப்படி அது அரசியல்.

சரி, மோயுன்ஜிக்கு வருவோம். என் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இரவு தங்குகிற பயணம் என்பதால் அடையாள அட்டை நகல் கேட்டார்கள். குழுவின் ஆசையில்லை அது. வீட்டுக்கு விருந்தாளி வந்து தங்கினால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதி 2012 சட்டத்தில் இருந்தது, 2016இல் அதை எடுத்தார்கள், 2021 பிப்ரவரியில் ராணுவம் திரும்பக் கொண்டுவந்தது. பர்மிய மொழியில் அந்தப் பதிவுக்கு 'எய்சாயின்' என்று பெயர். 'எய்' என்றால் விருந்தாளி. விருந்தாளிப் பட்டியல். நள்ளிரவில் கதவைத் தட்டி அந்தப் பட்டியலைச் சரிபார்க்க வருகிறவர்கள் எப்படிப்பட்ட விருந்தோம்பலுக்கு வருகிறார்கள் என்று யாங்கோனில் எல்லாருக்கும் தெரியும்.

என் அட்டை இளஞ்சிவப்பு. முழுக் குடிமகன். அம்மா வழியில் கிடைத்தது. அத்தையின் அட்டை நீலம். 1982 குடியுரிமைச் சட்டம் மூன்று நிறத்தில் மனிதர்களைப் பிரித்தது. 1823க்கு முன்னால் அந்த மண்ணில் குடியிருந்த இனம் என்று அரசு ஏற்றுக்கொண்டால் நீ சொந்தக்காரன். ஏன் 1823? 1824இல்தான் முதல் ஆங்கிலேய-பர்மியப் போர் தொடங்கியது. பிரிட்டிஷ்காரனுக்கு முன்னால் வந்தவன் உள்ளூர், அவனோடு வந்தவன் வெளியூர் என்று கணக்கு. நீல அட்டைக்காரர்களுக்குப் பர்மிய மொழியில் என்ன பெயர் தெரியுமா? 'எய் நைங்கான்தா'. விருந்தாளிக் குடிமக்கள். அதே 'எய்'. அத்தை பகோவில் பிறந்தவர். அவருடைய அப்பா, என் தாத்தா, சிறுவனாகவே சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த நாட்டை விட்டு ஒரு நாள் வெளியே போகாத அறுபது வயசுப் பெண் விருந்தாளி!

நகலைப் பார்த்த ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "வழியில சாவடி இருக்கு. தங்குற இடத்துலயும் கேப்பாங்க. ஒருத்தரால எல்லாருக்கும் தாமதம் ஆயிரக் கூடாது இல்லையா. ஆன்ட்டி அடுத்த தடவை வரட்டுமே." நான் திரும்பி வந்து அத்தையிடம் சொல்ல வாய் திறக்கும் முன்னாடியே, "நீலக் கார்டுன்னாங்களா?" என்றார். கண்ணில் ஒன்றும் இல்லை. "நீ போயிட்டு வாடா. நாமக்கோழி இருக்கான்னு பாத்துச் சொல்லு."

நான் போனேன். போயிருக்கக் கூடாது. ஆனால் போனேன்.

மோயுன்ஜியில் அந்த மாதம் தண்ணீர் தெரியாத அளவுக்கு வாத்து. வடக்கே சைபீரியா வரைக்கும் உள்ள ஊர்களிலிருந்து வந்த ஊசிவால் வாத்து, நீலச்சிறகி. உள்ளூர் சீழ்க்கைச் சிறகி. தாமரை இலை மேல் நடக்கிற இலைக்கோழி. ஊதா நிறத்தில் தாழைக்கோழிகள் ஆயிரக்கணக்கில். நத்தைகுத்தி நாரைகள். படகில் உட்கார்ந்து பார்த்தபோது அழகில் எனக்கு மூச்சு நின்றது. அதை மறைக்க நான் தயாராக இல்லை. படகில் இருந்த ஒரு அம்மா சைபீரிய வாத்துகளைக் காட்டி, "நம்ம விருந்தாளிகள், வருசா வருசம் மறக்காம வந்துர்றாங்க பாருங்க" என்று உருகினார். அவர் சொன்ன வார்த்தையிலும் அதே 'எய்' இருந்தது.

"பறவைக்கு எல்லை கிடையாது" என்ற போஸ்டர் வாசகத்தை, தயவுசெய்து, நம் கூட்டத்தில் யாரும் இனிமேல் பயன்படுத்தாதீர்கள். பறவைக்கு எல்லை உண்டு. தென்கொரியாவில் சேமான்கும் என்ற இடத்தில் 33 கிலோமீட்டர் கடல் சுவரை 2006இல் மூடினார்கள். உள்ளே இருந்த சேற்றுவெளி போனது, வழியில் இறங்கித் தின்று போகும் கரைப்பறவைகளின் சோறு போனது. அது எல்லை. மொட்டமா வளைகுடாவில் கட்டின வலை எல்லை. பறவையைச் சுதந்திரத்துக்கு உவமையாக்கிவிட்டால் அதைக் கொல்வது எது என்று கேட்க வேண்டியதில்லை. மனிதனை அந்த உவமைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அவனைச் சாவடியில் நிறுத்துவது யார் என்றும் கேட்க வேண்டியதில்லை. நல்ல வசதி.

இனி கொஞ்சம் பொறுமை வேண்டும், வரலாறு பேசணும். மோயுன்ஜியும் "இயற்கை" இல்லை. வெள்ளம் பாயும் தாழ்நிலமாக இருந்த அதை, பகோ ஆற்றையும் சித்தாங் ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க 1878இல் கரை கட்டித் தேக்கினார்கள். தேக்கு மரமும் நெல்லும் அந்த வழியில் போகணும். 1988இல் அது சரணாலயம் ஆனது. 2004இல் மியன்மாரின் முதல் ராம்சார் தலம். கால்வாய் முடியும் முனையில், சித்தாங் கரையில், மியிச்சோ என்ற சின்ன ஊர். பறவை ஆட்களுக்கு அந்தப் பெயர் தெரியும்.

மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் என்ற வெள்ளைக்காரர் 1862இல் தயெட்மியோ பக்கத்துப் புல்வெளியில் பிடித்த பறவையை வைத்து ஒரு சிலம்பனை விவரித்தார். சிலம்பன் என்றால் நம்ம ஊர்த் தவிட்டுக்குருவியின் உறவு, தவிட்டு நிறம், பெரிதாகக் கண்ணைப் பறிக்காது. உயரமான புல்லுக்குள்ளேயே பிறந்து புல்லுக்குள்ளேயே சாகும். பர்மாவில் அதைக் கடைசியாகப் பார்த்தது 1941 ஜூலையில், மியிச்சோ பக்கம். அதற்குப் பிறகு எழுபது வருசத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். 2014 மே 30 அன்று, ஒரு ஆய்வுக் குழு மியிச்சோவில் கைவிடப்பட்ட ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி வளர்ந்திருந்த புல்லில் அதன் குரலைக் கேட்டது. பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டியபோது பறவை வெளியே வந்தது. உலகமே கொண்டாடியது.

கைவிடப்பட்ட வேளாண் நிலையம். விவசாயம் தோற்ற ஒரு துண்டில்தான் அது பிழைத்திருந்தது. மற்ற புல்வெளி எல்லாம் எங்கே போனது?

நெல்லாகப் போனது. 1850களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கர்கூட இல்லை. 1930களில் எண்பது லட்சம் ஏக்கருக்கு மேல். உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. நம் குடும்பக் கூட்டங்களில் இந்தக் கதை வேறு மாதிரி வரும். "நாமதான் பர்மாவக் கட்டினோம், காடா கிடந்தத கழனியாக்கினோம்" என்று தாத்தாக்கள் சொல்வார்கள், நாம் தலையாட்டுவோம். முதலில் அது பாதிப் பொய். சதுப்பையும் புல்லையும் வெட்டி முதலில் கழனியாக்கியவர்கள் பெரும்பாலும் மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த பர்மிய விவசாயிகள். அவர்களுக்குக் கடன் கொடுத்தது மொகல் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்த நம்ம செட்டியார் லேவாதேவி. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது தெலுங்கு, தமிழ்க் கூலிகளை. சாதியில் கீழே அழுத்தப்பட்டவர்கள்தான் அதில் மிகப் பலர்.

1930இல் உலக நெருக்கடி வந்து நெல் விலை சரிந்தது. கடன் அடைக்க முடியாத நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு ஆறு. 1937இல் நூற்றுக்கு இருபத்தைந்து. ஏழே வருசம்! அதே 1930 டிசம்பரில் தாராவடியில் சாயா சான் கிளர்ச்சி வெடித்தது சும்மா இல்லை. அந்த ஆத்திரம் வெறும் இனவெறி என்று சொல்லிக் கடந்து போகிற தமிழ்க் கட்டுரைகளைப் படித்துச் சலித்துவிட்டேன். இனவெறியும் இருந்தது. நிலத்தை இழந்தவனின் நியாயமும் இருந்தது. வாங்கினவன் ஒருத்தன், அடி வாங்கினவன் இன்னொருத்தன் என்பதுதான் நம் வரலாற்றின் அசிங்கம். லேவாதேவிக்காரருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போன லட்சக்கணக்கானவர்களில் வழியில் விழுந்து செத்தது கூலிகள். 1964க்குப் பிறகு கப்பலேறியவர்களிலும், போகாமல் நின்று நீல அட்டை வாங்கியவர்களிலும் அவர்கள் பிள்ளைகள் உண்டு. என் தாத்தா அதில் ஒருவர். பகோ பக்கத்தில் இன்னொருத்தர் நிலத்தில் அறுவடைக்குப் போனவர்.

ஆகவே மியிச்சோ சிலம்பனைப் பார்க்கப் போகிற ஒருத்தருக்கு இந்தக் கதை எதுவும் தெரிய வேண்டாம் என்று சொன்னால், அவருக்கு அந்தப் பறவை ஏன் அரிது என்பதே தெரிய வேண்டாம் என்று சொல்கிறோம். புல்லைத் தின்றது எது? "மனிதன்" என்று பொதுவாகப் பலகையில் எழுதிவைப்பார்கள். எந்த மனிதன், யார் பணம், யார் முதுகு, எந்த ஊர்ச் சந்தைக்கு என்று எழுத இடம் இருக்காது.

பறவை நூல் எழுதிய பெரியவர்களுக்கும் இந்த மண்ணில் ஒரு முகவரி உண்டு. 1940இல் ரங்கூனில் வெளிவந்த பர்மாப் பறவைகள் நூலை எழுதிய ஸ்மைதீஸ் வனத்துறை அதிகாரி. நாம் கொண்டாடுகிற சாலிம் அலி இளவயதில் தவாயில் காடு சுற்றிப் பறவை கற்றது குடும்பத்தின் உல்ஃப்ரம் சுரங்க, மர வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில். அவர்கள் கண் கூர்மை பொய் இல்லை. சம்பளமும் சுரங்கமும் இல்லாமல் அந்தக் கண்ணுக்கு அந்தக் காட்டுக்குள் வழி கிடைத்திருக்காது, அவ்வளவுதான். அதே காலத்தில் வயலில் நின்று ஒவ்வொரு பறவையின் குரலும் தெரிந்துவைத்திருந்த கூலிக்காரி எந்த நூலிலும் இல்லை. அத்தையின் செம்போத்து நோட்டில் ஏறாமல் போனதும் அதே வரிசையில்தான் சேரும்.

இப்போது இரண்டாவது தோழருக்கு. "ஊரு பத்தி எரியுது, குருவி கேக்குதாம்."

தோழர், ஊர் எரிகிறது என்று எனக்கும் தெரியும். 2024 பிப்ரவரி 10 அன்று கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமல்படுத்தினார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயசு வரை, பெண்களுக்கு 18 முதல் 27. அதற்கப்புறம் நான் ஊருக்குப் போகவில்லை. என் வயசுப் பையன்கள் பஸ்ஸில் ஏறப் பயப்படுகிறார்கள். கழுத்தில் தொலைநோக்கியோடு ஒரு சாவடியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். பறவை பார்ப்பது சொகுசு என்கிறீர்கள். ஆமாம், சொகுசாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக் கரையில் உட்கார ஒரு முறுக்குக்காரிக்கு உரிமை இல்லை என்பது எரிகிற ஊரின் ஒரு பகுதி இல்லையா? கூலி, வேலை நேரம், சோறு இதற்கெல்லாம் போராடுகிற நாம் ஓய்வை மட்டும் ஏன் நடுத்தர வர்க்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறோம்? எட்டு மணி நேர வேலைக்காகச் செத்தவர்கள் மிச்ச நேரத்தில் என்ன செய்வதாக இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அதோடு, இது வேறு மாதிரியும் நடக்கலாம் என்பதற்கு அந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒரு சின்னக் கரைப்பறவை. உலகத்தில் மிஞ்சியிருப்பதே ஆயிரத்துக்கும் குறைவு. குளிர்காலத்தில் அதில் ஏறக்குறைய பாதி மொட்டமா வளைகுடாச் சேற்றில்தான் இறங்குகிறது. 2010 வாக்கில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அது குறைவதற்கு அங்கே வலை போட்டுப் பிடிப்பது முக்கியக் காரணம் என்று தெரிந்தது. போலீஸைக் கூட்டிவந்து வலையை எரித்திருக்கலாம். பல நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே யார் பிடிக்கிறார்கள் என்று கேட்டார்கள். மீன் கிடைக்காத நாளில் சோற்றுக்கும் சந்தைக்கும் பெரிய கரைப்பறவைகளுக்கு வலை போடுகிற, கிராமத்திலேயே ரொம்ப ஏழையான ஆட்கள். இந்தச் சின்ன உள்ளானில் கறியே இல்லை, கூட வந்து மாட்டுகிறது. யாங்கோனைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான பாங்காவும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் அவர்களோடு உட்கார்ந்து பேசி, படகு, மீன் வலை, ஆடு மாடு என்று மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்தார்கள். வேடர்கள் பறவை வலையை விட்டார்கள். 2017இல் வளைகுடா ராம்சார் தலம் ஆனது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், இன்றைய நிலைமையில் எதுவும் நிலைக்காது. ஆனால் ஒரு பறவையைக் காப்பாற்ற வர்க்கம் பேச வேண்டியிருந்தது, பேசினார்கள், பலித்தது.

தாத்தாவின் சிவகங்கையிலும் ஒன்று உண்டு. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். அரசு அறிவித்தது 1977இல். அதற்கு முன்னாலிருந்தே கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கண்மாய் மரத்தில் நாரை கூடு கட்டியிருக்கும் என்று. வேலி போட்டது யாருமில்லை, ஊர்தான் பார்த்துக்கொள்கிறது. ரொம்ப உருகவும் வேண்டாம். எந்தத் துறையில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்று சாதி தீர்மானித்த சீமை அது. பறவைக்குக் கிடைத்த இடம் எல்லா மனிதருக்கும் கிடைத்ததில்லை.

ஆகவே நம் குளிர்காலப் பயணத்துக்கு என் கோரிக்கை இது. போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் அட்டை கேட்கிற இடத்துக்கு வேண்டாம், நம்மில் பாதிப்பேரிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி அட்டை இல்லை. நகர பஸ்ஸில் போய் வருகிற தூரமாக இருக்கட்டும். தொலைநோக்கி நாலைந்து இரவல் வாங்கி எல்லாரும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். தமிழிலோ, பர்மிய மொழியிலோ, கரேனிலோ, யாருக்கு எந்தப் பெயர் தெரிகிறதோ அந்தப் பெயர் நோட்டில் ஏறட்டும், ஆங்கிலப் பெயரை வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம். போகிற ஏரியை யார் கட்டினார்கள், அதற்காக யாரைக் காலி செய்தார்கள் என்று ஒருத்தர் முன்கூட்டியே படித்துவந்து பத்து நிமிஷம் சொல்லணும். போர் அடித்தால் அடிக்கட்டும். வீட்டில் இருக்கிற அம்மாக்கள், அத்தைகளைக் கூட்டி வாருங்கள். பலபேர் வயக்காட்டில் வளர்ந்தவர்கள், நம்மைவிட நிறையத் தெரியும், கேட்டால்தான் சொல்வார்கள். விதிமுறைத் தாளில் மூன்றாவது விதி கிடையாது.

மோயுன்ஜியிலிருந்து திரும்பின அன்றைக்கு ராத்திரி அத்தை, "நாமக்கோழி இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். சீழ்க்கைச் சிறகியும் நிறைய என்றேன். உதட்டைக் குவித்து அந்தக் குரலை அப்படியே விசிலடித்துக் காட்டினார். "எங்கப்பா அறுப்பு முடிஞ்சு வர்றப்ப ஒண்ணு ரெண்டு கொண்டாருவாரு. மொளகு போட்டு வறுத்தா..." என்று இழுத்து, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "உங்க கிளப்புல இதச் சொல்லாத."

மறுநாள் நான் அவரை டல்லா படகுக்குக் கூட்டிப் போனேன். பன்சோடான் துறையிலிருந்து அக்கரைக்கு. ஒருத்தரும் அட்டை கேட்கவில்லை. ஒரு காலத்தில் ஐராவதி கப்பல் கம்பெனியின் பட்டறை இருந்த கரை டல்லா. இன்றைக்கு அங்கே குடியிருந்து யாங்கோனுக்குக் கூலி வேலைக்கு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில், படகில் நிற்க இடமில்லை. குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் படகுகளைத் துரத்தி வரும். இமயத்துக்கு அந்தப் பக்கம், உயரத்து ஏரிகளில் கூடு கட்டுகிறவை. அதுகளுக்குப் போடவென்றே படகில் தீனிப் பொட்டலம் விற்பார்கள். வேலை முடிந்து திரும்பும் பெண்கள் கையை மேலே நீட்ட, பறவை கையிலிருந்தே கொத்திக்கொண்டு போகும். அந்த ஊரின் மிகப் பெரிய பறவைக் குழு அதுதான். அதற்குப் பெயரும் இல்லை, நோட்டும் இல்லை.

அத்தை ரெண்டு பொட்டலம் வாங்கினார். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பர்மியப் பெண், இதெல்லாம் எப்போது கிளம்பும் என்று கேட்டார். "திஞ்சானுக்கு முன்னாடி போயிரும்" என்று அத்தை சொன்னார். கூடைக்காரிக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். அக்கரை போய், இறங்காமலே திரும்பி வந்து, மறுபடியும் போனோம்.

இந்த ஜனவரியில் போன் செய்தபோது அவர் படகில் இருந்தார். தெருப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். திரையில் முழுக்க வெள்ளைச் சிறகு, பின்னால் இன்ஜின் சத்தம், யாரோ சிரிப்பது. எத்தனை இருக்கும் அத்தை, என்று கேட்டேன்.

"எண்ணவா விடுது? கையக் கொத்துது. போன வையி, அப்புறம் பேசுறேன்."